ஆலோசனைக் குழுவும் காலநீட்டிப்பும்

அமெரிக்காவில் 1979-இல் தோன்றிய ‘ஃபீமா’ என்னும் பேரிடர் மேலாண்மை முகமையை மறுஆய்வு செய்ய, 2025 ஜனவரி 24 அன்று அதிபரின் ஆணைப்படி ஆலோசனைக் குழுவொன்று அமைக்கப்பட்டது. அதற்கு விதிக்கப்பட்ட ஆயுள் ஓராண்டே. 2026 ஜனவரியில் அது நீட்டிக்கப்பட்டது. கெடுவை நீட்டிக்க ஒரு கையொப்பம் போதும் என்பதை அரசு அலுவலர் எவரும் அறிவர். காத்திருப்போரின் நிலையோ வேறு. பெரும்பேரிடராக அறிவிக்கப்பட்டால், சிதைந்த பாலம், பள்ளி போன்றவற்றைச் சீரமைக்கும் தகுதியான செலவில் குறைந்தது 75 விழுக்காட்டை மைய அரசு ஏற்பது அந்நாட்டுச் சட்டம். மாநிலங்களே கூடுதல் பொறுப்பேற்க வேண்டுமென்ற கருத்து 2025-இல் வலுத்தபின், அப்பங்கு நிலைக்குமா என்றறியாமலே அவை வரவு செலவுத் திட்டம் வகுக்க நேர்ந்தது. அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1-இல் தொடங்கிவிடும். எனவே நீட்டிப்பு வழங்கும்போதே, நிதிப் பங்கு குறித்த பரிந்துரையை மட்டுமேனும் முன்னதாகக் கேட்டுப் பெறுவது முறையாகும்.