எண்ணெய் துடைத்த பிறகு

நான் வாங்கிய முதல் துப்பாக்கியின் குழல் கண்ணாடி மாதிரி இருந்தது. பர்மிங்காமில் செய்த 12 போர் இரட்டைக்குழல். பெங்களூரில் ஒரு பெரியவர் வயதாகிவிட்டதென்று விற்றார். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன், உள்ளே மின்னியது. பேரம்கூடப் பேசவில்லை. பிறகு சிவாஜிநகரில் பழுது பார்க்கும் கிழவரிடம் கொண்டுபோனேன். அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, துருவைக் கடைஞ்சு எடுத்துப் பாலீஷ் போட்டிருக்காங்க. கூடவே இரும்பும் போயிடுச்சு” என்றார். 18.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய உள்விட்டம் 19-ஐத் தொட்டிருந்தது. சில இடங்களில் குழலின் கனம் அரை மில்லிமீட்டருக்கும் கீழே. அதை நான் ஒரு முறைகூடச் சுடவில்லை.

1980களின் நடுவிலிருந்து சாமானியர்களுக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி அடைபட்டுப்போனதால், பழைய இங்கிலீஷ் துப்பாக்கிக்கு இங்கே தனி மவுசு. கட்டையின் வேலைப்பாட்டையும் கம்பெனிப் பெயரையும் காட்டியே விலை சொல்வார்கள். காசு கொடுக்கிறவன் பார்க்க வேண்டியது குழலை.

கையில் உரிமத்தோடு போங்கள். கூடவே ஒரு கம்பியும் காய்ந்த துணியும். விற்பவர் குழலுக்குள் தாராளமாக எண்ணெய் விட்டு வைத்திருப்பார். எண்ணெய், துரு அரித்த குழிகளை நிரப்பிப் பளபளப்புக் காட்டும். துடைத்த பிறகுதான் பார்வை. குழலைக் கழற்றி, ஜன்னல் சட்டத்துக்கோ ட்யூப்லைட்டுக்கோ நேரே பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். உள்ளே ஒரு நிழல்கோடு நேராக ஓடும். நசுங்கல் இருந்தால் அந்த இடத்தில் கோடு முறியும். வளையம் போல ஒரு நிழல் தெரிந்தால் குழல் வீங்கியிருக்கிறது. எப்போதோ நுனியில் சேறு அடைத்துக்கொண்டது தெரியாமல் சுட்டிருப்பார்கள். வளையம் கண்டால் நான் விலைகூடக் கேட்பதில்லை.

குழி எல்லாம் ஒன்றல்ல. தோட்டா உட்காரும் அறையிலும் அதற்குச் சற்று முன்னாலும்தான் அழுத்தம் மிக அதிகம். அங்கே ஆழமான குழி இருந்தால் வேண்டாம். நுனிப்பக்கம் அம்மைத் தழும்பு போல இரண்டு மூன்று இருந்தால் விலையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். கடைந்து வழவழப்பாக்கிய குழலைவிட, குழியோடு நிற்கும் கனமான குழல் எனக்கு மேல்.

அடுத்து, கழற்றிய குழலை ஒரு விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுங்கள். நல்ல குழல் மணி போல இழுத்து ஒலிக்கும். விரிசல் விட்ட பித்தளைக் குடம் போல ‘டப்’பென்றால், இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டையின் பற்று விட்டிருக்கிறது, அதனடியில் துரு கண்ணுக்குத் தெரியாமல் தின்றுகொண்டிருக்கும்.

குழலின் அடிப்பக்க முத்திரைகளையும் படியுங்கள். புகையில்லா மருந்துக்குச் சோதித்த முத்திரை இல்லாத குழல், அதிலும் நெளிநெளியாகக் கோலம் தெரியும் டமாஸ்கஸ் குழல், சுவரில் மாட்ட அழகு. இன்றைய தோட்டாவுக்கு ஆகாது. பழைய அறைகள் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர். 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதற்குள் சமர்த்தாகப் போய் உட்காரும், ஏனென்றால் அந்த 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகுள்ள நீளம். விரிய இடமில்லாவிட்டால் அழுத்தம் எகிறும். குழலிலும் பூட்டிலும் உள்ள எண்கள் உரிமத்தில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால், நடையைக் கட்டுங்கள்.

துரு எங்கிருந்து வருகிறது என்று குடகு நண்பரிடம் கேட்டால் மழையைச் சொல்வார். பெங்களூர்க்காரன் தேர்தலைச் சொல்வேன். தேதி அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். 2023-இல் சட்டமன்றம், 2024-இல் மக்களவை. வாரக்கணக்கில் துடைக்க ஆளில்லாமல் கிடந்து திரும்பும். இப்போது என்னிடம் இருப்பதை வாங்கும்போது நுனிப்பக்கம் ஏழு குழி எண்ணினேன். போன தேர்தலுக்குப் பிறகு எட்டு.