இறங்கக் கற்றுக்கொள், தாயி

மகாராஜபுரம்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. பெரியம்மாவுக்கு மூட்டுவலி இப்போது கொஞ்சம் தேவலை. மூன்று நாளாக மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. மலையே கண்ணுக்குத் தெரியவில்லை, மேகம் மலையடிவாரத்துத் தாணிப்பாறை வரைக்கும் இறங்கிக் கிடக்கிறது. அன்றைக்கு நீ போனில் கேட்டதற்கு “யோசித்துச் சொல்கிறேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு மனசு வருத்தமாக இருந்திருக்கும். பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை போல என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை. போனில் சொல்லித் தீராத விஷயம் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடிவிட்டாய். இனி தார் ரோட்டில் ஓட மனசு வரவில்லை, மலையில் ஓட வேண்டும் என்கிறாய். இங்கிலாந்தில் ‘ஃபெல் ரன்னிங்’ என்று ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை என்கிறாய். எனக்கு அது ரொம்பச் சந்தோஷம். நம் வீட்டில் இரண்டு தலைமுறை சதுரகிரி மலையை ஏறிச் சம்பாதித்தது. நீ அதே மலையை ஆசைக்காக ஏறப் போகிறாய். உன் தாத்தா இருந்திருந்தால் திண்ணையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருப்பார்.

ஃபெல் என்றால் வட இங்கிலாந்துப் பேச்சில் மலை. வைக்கிங்குகள் விட்டுப்போன சொல். அங்கே உள்ள மலைகளில் பெரும்பாலும் மரம் கிடையாது. புல்லும் பாறையும் சேறும்தான். ஆடு மேயும். பல போட்டிகளில் ஓடுகிறவர்களுக்குப் பாதை போட்டு அம்புக்குறி வைத்திருக்க மாட்டார்கள். மேப்பும் காம்பஸும் பார்த்து அவரவரே வழி கண்டுபிடிக்க வேண்டும். 1932 ஜூன் மாதம் பாப் கிரகாம் என்பவர், கெஸ்விக் ஊரில் விருந்தினர் விடுதி நடத்தியவர், 24 மணி நேரத்துக்குள் 42 மலைகளை ஏறி இறங்கினார். ஏற்றத்தை மட்டும் கூட்டினால் சுமார் 27,000 அடி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் கோபுரம் 192 அடி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். அந்தக் கோபுரத்தை ஒரே நாளில் 140 தடவை ஏறி இறங்குவதாக வைத்துக்கொள். காலில் டென்னிஸ் ஷூ. சாப்பாடு ரொட்டியும் வெண்ணெயும் வேகவைத்த முட்டையும் பழமும். அதற்கு முந்தின வருஷம் அவர் முயன்று தோற்றவர். அவர் செய்ததை இன்னொருவர் செய்து முடிக்க 1960 ஆயிற்று.

ஆனால் எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிறவர் ஜாஸ் நெய்லர். வாஸ்டேல் பள்ளத்தாக்கில் ஆடு வளர்த்த விவசாயி. முதுகில் பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர். அதற்குப் பிறகுதான், 1960-இல், வேலைக்குப் போடுகிற பூட்ஸோடு முதல் போட்டியில் ஓடினார். 1975-இல் ஒரே நாளுக்குள் 72 சிகரங்களைத் தொட்டார். 2024-இல் 88 வயதில் காலமானார். ஆடு தேடி ஏறி இறங்கியதும் அவருக்குப் பயிற்சியாயிற்று. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட ஆட்கள் நம் தாணிப்பாறைப் பாதையிலும் இருந்தார்கள், இருக்கிறார்கள். அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் சுமந்து சதுரகிரி மலைக்கோவிலுக்கு ஏறுகிறவர்கள். யாரும் அவர்களுக்கு மெடல் போடவில்லை. நீ கற்க வேண்டியது அவர்களிடமிருந்துதான்.

உன் தாத்தா அவர்களில் ஒருவர். மேலே அன்னதானத்துக்குப் போகிற அரிசியைத் தலையில் வைத்துப் போவார். நான் பதினைந்து வயதில் சின்னச் சுமையோடு பின்னால் போவேன். தாணிப்பாறை அடிவாரத்தில் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, மூட்டையைத் தூக்கிவிடச் சொல்லி, ஒரு நிமிஷம் அசையாமல் நிற்பார். கழுத்தும் இடுப்பும் ஒரே கோட்டில் வந்த பிறகுதான் முதல் அடி. ஏறும்போது சின்னச் சின்ன அடி. குதிகால் முழுக்கப் பதியும். எந்த இடத்திலும் வேகம் மாறாது. செங்குத்தான இடத்திலும் அதே தாளம், அடியின் நீளம் மட்டும் குறையும். இளவட்டங்கள் எங்களைத் தாண்டி ஓடுவார்கள். கோரக்கர் குகைப் பக்கம் அவர்கள் நாக்குத் தள்ளி உட்கார்ந்திருப்பதை நாங்கள் நிற்காமலே பார்த்துக்கொண்டு போவோம்.

திரும்பி இறங்கும்போது பார்க்க வேண்டும் அவரை! காலிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, கை இரண்டையும் லேசாக அகட்டி, முழங்காலை எப்போதும் ஒரு துளி மடக்கி, பாறைக்குப் பாறை சத்தமே இல்லாமல் போவார். குதிக்க மாட்டார். பெரிய படியாக இருந்தால் நடுவில் ஒரு சின்னக் கல்லைத் தேடி இரண்டு அடியாக்கிக்கொள்வார். கண் காலடியில் இருக்காது. மூன்று நாலு அடி முன்னால் இருக்கும். “கால் வைக்கிற இடத்தைக் கண்ணு முன்னாடியே பார்த்திடுச்சுல்ல, இனி கால் பார்த்துக்கிடும்” என்பார். நான் பின்னாளில் உடற்கல்வி ஆசிரியராகி இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளை ஓடவிட்டேன். இதைவிடச் சுருக்கமாக ஒரு பிள்ளைக்கும் என்னால் சொல்லிக்கொடுக்க முடிந்ததில்லை.

அப்பா சொன்னதை நானே ஒரு நாள் மீறினேன். பத்தொன்பது வயது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள், கூட வந்தவனோடு பந்தயம் கட்டி மேலிருந்து ஓட்டமாக இறங்கினேன். பாதி தூரம் பறந்தேன். அதற்குக் கீழே தொடை நடுங்க ஆரம்பித்தது. நடுங்குகிறது என்று தெரிந்தும் நிற்கவில்லை. வழுக்குப்பாறையில் இடது கால் திரும்பியது. என்னை டோலியில் வைத்து இறக்கினார்கள். கணுக்கால் ஆறுவதற்கு மூன்று மாதம். ஜில்லா ஓட்டப்போட்டி அந்த வருஷம் போயிற்று. இன்றைக்கும் அமாவாசைக் குளிருக்கு அந்தக் கணு எனக்கு நாள் சொல்லும்.

அந்த நடுக்கத்துக்குக் காரணம் பிறகு பயிற்சிக் கல்லூரியில் படித்தபோதுதான் தெரிந்தது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. அதற்கு நெஞ்சும் மூச்சும் வேலை செய்கின்றன. மூச்சு வாங்கினால் நாமே நின்றுவிடுவோம், ஆபத்தில்லை. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிரேக் போடுகிறது. அப்படி நீளும்போதுதான் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. மூச்சு வாங்காது, அதனால் முன்கூட்டி எச்சரிக்கையும் இருக்காது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் படி இறங்க முடியாமல் சுவரைப் பிடிப்பாய். நல்ல செய்தி, ஒரு தடவை அளவாக அப்படி இறங்கிப் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தை வெகு சுலபமாகத் தாங்கும். தசைக்கு அந்த ஞாபகம் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், மலை ஓட்டத்தில் இறக்கம்தான் வித்தை. உன் நெஞ்சு இருபத்தொரு கிலோமீட்டருக்குத் தயாராக இருக்கிறது. உன் தொடையும் கணுவும் அதற்கு இன்னும் தயாராகவில்லை. நெஞ்சை நம்பித் தொடையைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஆகவே முதல் மூன்று மாதம் சதுரகிரியில் ஓடுகிற பேச்சே வேண்டாம். நம் கண்மாய்க் கரை போதும். அதன் உள்சரிவு கல் பாவியது, வெளிச்சரிவு மண். மண் பக்கம் ஏறு, மெதுவாக இறங்கு. முதல் வாரம் ஆறு தடவை, அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு மூன்று கூட்டலாம். கோயம்புத்தூரில் இருக்கும்போது அடுக்குமாடிப் படி இருக்கிறதே, லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கு. கேட்டால் சிரிப்பார்கள், பரவாயில்லை. ஒற்றைக் காலில் நின்று பல் தேய்க்கப் பழகு, கணுவுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

ஏற்றத்தில் நடப்பதற்கு வெட்கப்படாதே. உலகத்தின் பெரிய மலை ஓட்டக்காரர்கள்கூடச் செங்குத்தில் தொடைமேல் கை ஊன்றி நடக்கத்தான் செய்கிறார்கள். கூட வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார். முடியவில்லை என்றால் நட. கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம் என்று வாட்சைப் பார்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடு. மலையில் அந்தக் கணக்கு செல்லாது. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நடப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். இன்றைக்கும் அதைத்தான் அடிப்படையாக வைத்துத் திட்டம் போடுகிறார்கள். நீயும் தூரத்தைக் கேட்காதே, எத்தனை மணி நேரம் என்று கேள்.

இனி முக்கியமான ஒன்று. அந்த இங்கிலாந்து மலைகளில் பெரும்பாலான இடங்களில் பாதையை விட்டும் திரும்பி ஓடலாம். நம் மலை அப்படியில்லை, தாயி. 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவித்தார்கள். 2021-இல் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று. தமிழ்நாட்டில் ஐந்தாவது. யானையும் கரடியும் சிறுத்தையும் குடியிருக்கிற வீடு அது. அங்கே நாம் விருந்தாளி. அனுமதித்த பாதையைத் தவிர வேறு தடத்தில் ஓர் அடியும் வைக்காதே. விடியுமுன்னும் அந்தி சாய்ந்த பிறகும் காட்டுக்குள் இருக்காதே. ஓடி வருகிற மனிதரைக் கரடி எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சதுரகிரிப் பாதை சாமி பார்க்கப் போகிறவர்களின் பாதை. அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷக் கூட்டத்தில் ஓடவே கூடாது. ஆடி அமாவாசை பற்றிச் சொல்லவே வேண்டாம். எண்பது வயதுக் கிழவி கம்பை ஊன்றி ஒவ்வொரு கல்லாக ஏறி வரும்போது நீ மேலிருந்து தடதடவென்று இறங்கினால் அது பாவம். ஏறி வருகிறவருக்குத்தான் முதல் வழி. நின்று, ஒதுங்கி, அவர் கடந்த பிறகு போ. சுமை தூக்கி வருகிறவர் என்றால் பத்தடி முன்னாலேயே நின்றுவிடு. அவரால் நிற்க முடியாது, நின்றால் மறுபடி சுமையோடு கிளம்புவது எவ்வளவு கஷ்டம் என்று நம் வீட்டுக்குத் தெரியும். அடிவாரத்தில் வனத்துறை சோதனைச் சாவடியில் எந்த நேரத்துக்குள் ஏற வேண்டும், எந்த நேரத்துக்குள் இறங்க வேண்டும் என்று கேட்டு, அதன்படி நட. மழை என்று அடைத்தால் அடைத்ததுதான். வாதாடாதே. 2015 மே மாதம் மேலே பெய்த மழையில் ஓடை திடீரென்று பெருகி, இறங்கிக்கொண்டிருந்த பக்தர்களை அடித்துக்கொண்டு போயிற்று. கீழே வெயில் அடித்தாலும் சங்கிலிப்பாறை ஓடைத் தண்ணீர் கலங்கி வந்தால் மேலே மழை என்று அர்த்தம். அந்தத் தண்ணீரில் இறங்காதே, மேட்டில் உட்கார். எத்தனை மணி நேரமானாலும் உட்கார்.

வெயில் காலமும் அதே மாதிரிதான். 2018 மார்ச்சில் தேனி குரங்கணிக் காட்டுத் தீயில் 23 உயிர் போனது. உன் வயசுப் பிள்ளைகள்தான் நிறைய. புல் காய்ந்த மாசி, பங்குனியில் அனுமதியில்லாமல் யார் கூப்பிட்டாலும் எந்த மலைக்கும் போகாதே. வேறு பாதை வேண்டுமென்றால் அரசாங்கமே 2024-இல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்திருக்கிறது. பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். முதலில் அவற்றில் நடந்து பார். செண்பகத்தோப்பிலும் தாணிப்பாறையிலும் பளியர் குடும்பங்கள் இருக்கின்றன. காட்டைப் படிக்க அவர்களைவிடத் தெரிந்தவர்கள் இல்லை. அவர்களில் ஒருவர் கூட வந்தால் முன்னால் ஓடாதே, பின்னால் போ. அவர் எங்கே நின்று காது கொடுக்கிறார் என்று கவனி.

ஷூ ஒன்றே ஒன்று வாங்கு. அடியில் பல் போல் கட்டை இருக்க வேண்டும், பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்க வேண்டும். இறக்கத்தில் விரல் முட்டினால் நகம் கறுத்து விழுந்துவிடும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள். இடுப்புப் பையில் தண்ணீர், கடலைமிட்டாய், உப்பு, ஒரு விசில், ஒரு சுருள் கட்டுத்துணி, மெல்லிய மழைச்சட்டை. பிளாஸ்டிக் உறை எதையும் மேலே விட்டுவிட்டு வராதே. தனியாகப் போகாதே. இது பெண் என்பதற்காக இல்லை, ஆணுக்கும் இதையேதான் சொல்வேன். ஆனால் பெண் என்பதால் ஒன்று சொல்கிறேன்: ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒரு தடவை பார்த்துக்கொள். நான் ஓடவிட்ட பெண்பிள்ளைகளில் பலர் சோம்பேறி என்று திட்டு வாங்கினார்கள், சிலர் என்னிடமே வாங்கினார்கள். சோம்பேறித்தனம் இல்லை, சோகை. அதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு.

தை பிறந்ததும் வா. மழை நின்றிருக்கும், பாறை காய்ந்திருக்கும். முதல் நாள் பாதை திறக்கிற நேரத்துக்குத் தாணிப்பாறையில் நிற்போம். நீ அன்றைக்கு ஓடப் போவதில்லை, என்னோடு நடக்கப் போகிறாய். மேலே சாமி பார்த்துவிட்டு, இறங்கும்போது நான் முன்னால் போவேன். நீ பின்னால் வந்து என் காலைப் பார். இந்த வயதில் அவ்வளவு தூரம் எனக்கு எதற்கு என்று பெரியம்மா சத்தம் போடுவாள். அவளிடம் நீதான் பேச வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா