காணிக்கை எண்ணும் கைகள்



நமது ரூபாய் நோட்டு பருத்தியால் ஆனது. வியர்வையையும் எண்ணெய்ப் பசையையும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். பூஞ்சைக்கு அது போதும். 2015-ல் டெல்லி விஞ்ஞானிகள் 10, 20, 100 ரூபாய் நோட்டுகளிலிருந்த நுண்ணுயிர்களின் மரபணுத் தடயங்களை ஆராய்ந்தனர். நோய்க்கிருமிகளின் தடயங்களோடு பூஞ்சைகளின் தடயங்களும் ஏராளமாகக் காணப்பட்டன.

தடயம் இருப்பதாலேயே நோய் வந்துவிடாது. ஆரோக்கியமானவர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் தீக்காயம் பட்டவருக்கும், சர்க்கரை நோயால் புண் ஆறாதவருக்கும், குறைமாதக் குழந்தைக்கும் சாதாரணப் பூஞ்சையே ஆபத்தாகலாம்.

ஆகவே எச்சில் தொட்டு நோட்டு எண்ணுவதை விட்டுவிடுவோம். காணிக்கை எண்ணிய பின்பும், நோயாளியின் படுக்கையருகே வருமுன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவோம்.

நீங்கள் அன்போடு அனுப்பும் காணிக்கை எங்கள் நோயாளிகளைத் தாங்குகிறது. உங்கள் சுத்தமான கைகளும் அவர்களைக் காக்கட்டும். அவர்களை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.