மின்கோப்பிற்கும் வேண்டும் ஏட்டிறுதிக் குறிப்பு

ஏட்டுச்சுவடியைப் படியெடுத்து முடித்த நம் முன்னோர், இறுதி ஏட்டில் ஆண்டு, திங்கள், நாள், எழுதியவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைப்பது உண்டு. கல்வெட்டு மரபும் அத்தகையதே. நம் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) மன்னனின் ஆட்சியாண்டைத் தாங்கி நிற்கின்றன. சபையின் பணிப்பால் எழுதிய மத்தியஸ்தனின் பெயரும் அங்குக் காணப்படும். ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்தும் அவற்றின் காலத்தை நாம் ஐயமின்றிக் கூற முடிவது அக்குறிப்புகளாலேயாம்.

இன்று தென்னேரி போன்ற சிற்றூரினின்று திருப்பருத்திக்குன்றம் செல்லும் அன்பரும், திரைலோக்கியநாதர் ஆலயத்துச் சங்கீத மண்டப விதான ஓவியங்களைக் கைப்பேசியில் படமெடுத்து வருகின்றனர். விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387ஆம் ஆண்டளவில் எடுப்பித்த மண்டபம் அது. நாளை ஓவியத்தின் ஒரு பகுதி உதிர்ந்துவிடின், அது எவ்வாண்டுவரை இருந்தது என்பதற்கு அப்படமே சான்றாகும். ஆனால் நாளும் இடமும் அறியாத படம் சான்றாக நில்லாது.

இக்குறையைத் தீர்க்க, பிரீமிஸ் என்னும் காப்புக்குறிப்பு முறை 2005இல் வெளியாயிற்று. அதன் மூன்றாம் பதிப்பு 2015இல் வந்தது. அது நான்கு செய்திகளைப் பதியச் சொல்கிறது.

1. பொருள்: கோப்பின் பெயர், வடிவம், அளவு, சரிபார்ப்பு எண். 'ஷா-256' என்னும் கணக்கீட்டு முறை கோப்பு முழுவதையும் கணக்கிட்டு 64 எழுத்துகளாலான அடையாளம் ஒன்றைத் தரும். கோப்பில் ஒரு துளி மாறினும் அவ்வடையாளம் முற்றிலும் வேறாகிவிடும்.

2. நிகழ்வு: படமெடுத்தது, படிசெய்தது, வடிவம் மாற்றியது, சரிபார்த்தது ஆகியவையும் அவற்றின் நாளும்.

3. செய்தவர்: அச்செயலைச் செய்த மனிதர், நிறுவனம் அல்லது மென்பொருள்.

4. உரிமை: படியெடுக்கவும் வெளியிடவும் இசைவு அளித்தவர் யார், எவ்வரம்பிற்குள் என்பது.

இவற்றுடன் எவ்விடத்து ஓவியம், எக்காட்சி என்னும் விளக்கத்தையும் சேர்த்தல் வேண்டும். எளிய உரைக்கோப்பாக எழுதிப் படத்துடனேயே வைக்கலாம். குறிப்பேட்டிலும் ஒரு படி இருத்தல் நன்று. வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தை மூலமெனக் கொள்ளற்க. அது சுருக்கப்படுவதோடு, கேமரா பதித்த நாள், இடக் குறிப்புகளையும் இழந்துவிடக்கூடும். மூலக்கோப்பையே மூன்று படிகளாக்கி, அவற்றுள் ஒன்றை வேற்றூரில் வைத்தல் வேண்டும்.

சுருத பஞ்சமியன்று சுவடிகளை வெளியே எடுத்துத் தூசு தட்டிப் போற்றுவது நம் வழக்கம். அன்றே மின்கோப்புகளின் சரிபார்ப்பு எண்ணையும் மீண்டும் கணக்கிட்டு, பழைய எண்ணுடன் ஒப்பிடுவோமாக. எண் மாறியிருப்பின் அக்கோப்பு பழுதுற்றது என அறியலாம். பிறிதொரு படியின் எண்ணைச் சரிபார்த்து, அது பொருந்தினால் அதனைக் கொண்டு பழுதை மாற்றி, அச்செயலையும் நிகழ்வாகப் பதிதல் வேண்டும்.

சாஸ்திர தானம் செய்தோர் சுவடியை மட்டும் விட்டுச் செல்லவில்லை. அதனை அறிந்துகொள்ளும் வழியையும் இறுதி ஏட்டில் விட்டுச் சென்றனர். நம் பிள்ளைகளுக்கு நாமும் அவ்வழியை விட்டுச் செல்லுதல் கடனாகும்.