உண்ணாமுலையம்மன் அடங்காத பொத்தான்

அடி அண்ணாமலையில் எங்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. பௌர்ணமி ராத்திரியில் வாசலில் காலடிச் சத்தம் ஓயாது. "அண்ணா, அடுத்த லிங்கம் எவ்வளவு தூரம்?" என்ற கேள்வியும் ஓயாது. 14 கிலோமீட்டருக்கும் சேர்த்து ஒரு வலைப்பக்கம் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டுக் கட்டங்கள், கோயில்களுக்குப் பொத்தான்கள்.

நிறத்தை ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் தனித்தனியே எழுதியது முதல் தப்பு. காவி கண்ணைக் குத்துகிறது என்று அம்மா சொன்னதும் மாற்றினேன். ஏழு மாறின, யம லிங்கம் மட்டும் பழைய காவியிலேயே நின்றது. பக்கத்தின் தோற்றத்தைத் தனியே எழுதி வைக்க ஹோகோன் வியூம் லீ 1994-ல் முன்மொழிந்த சிஎஸ்எஸ் இந்தத் தலைவலிக்கான மருந்துதான். இப்போது ஸ்டைல் ஷீட் தனிக் கோப்பு. அதன் தலையிலேயே நிறங்களுக்குப் பெயர் வைத்துவிடுகிறேன். ஒரு வரியைத் தொட்டால் எட்டும் மாறும்.

அடுத்த சிக்கல் தமிழால் வந்தது. நான் எடுத்தாண்ட டெம்ப்ளேட்டில் பொத்தானின் அகலம் 'ஹோம்', 'மேப்' போன்ற சொற்களுக்கு அளந்து கட்டியது. அதில் உண்ணாமுலையம்மன் அடங்குவாளா? கடைசி இரண்டு எழுத்தும் வெளியே தொங்கின. அகலத்தை எடுத்துவிட்டு, எழுத்தைச் சுற்றிலும் பேடிங் என்ற இடைவெளி மட்டும் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்தப் பக்கத்தையும் இருப்பதிலேயே நீளமான பெயரை வைத்துத்தான் சோதிக்கிறேன். வரி இடைவெளி 1.2 என்று இருந்ததில், மேல்வரி 'கூ'வின் வால் கீழ்வரி 'கீ'யின் சுழியில் இடித்தது, 1.7 ஆக்கியதும் படிக்க முடிந்தது. சாய்வெழுத்தை அடியோடு விட்டேன். தமிழுக்கு அது ஒட்டவில்லை.

பௌர்ணமியன்று கூட்டத்தில் டவர் திணறும். அழகான எழுத்துரு இறங்கும்வரை பிரவுசர் சுமார் 3 விநாடி எழுத்துகளையே மறைத்து வைக்கும். 'ஃபான்ட்-டிஸ்ப்ளே: ஸ்வாப்' என்ற ஒரு வரி போட்டால், போனில் இருக்கும் எழுத்துருவே உடனே தெரியும், அழகு பின்னால் வரட்டும்.

எல்லாம் முடிந்தது என்றிருந்தேன். போன பௌர்ணமிக்குத் திண்ணையில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர் போனை நீட்டினார். "தம்பி, பாதிதான் தெரியுது." கண்ணுக்காக எழுத்தை உச்சத்துக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார். நான் உயரத்தைக் கட்டிப்போட்ட கட்டத்துக்குள் குபேர லிங்கம் இடுப்புக்குக் கீழே காணாமல் போயிருந்தது. "இருங்க ஐயா" என்று அங்கேயே லேப்டாப்பைத் திறந்து அந்த வரியை அழித்தேன். பக்கம் மறுபடி திறப்பதற்குள் அவர் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து முடித்திருந்தார்.