பழைய கணினிக்கு நாமே செய்யும் சிடி

விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வெளிவந்தது. அதற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8-இல் நிறுத்திற்று. ஆயினும் அதில் மட்டுமே ஓடும் பழைய மென்பொருளுக்காக அதை மீண்டும் நிறுவும் தேவை நேரிடுகிறது. மூலச் சிடியை இட்டாலோ, ஹார்டு டிஸ்க்கே இல்லை என்கிறது கணினி! சாட்டா டிஸ்க்கை அறியும் டிரைவர் அச்சிடியில் இல்லாததே காரணம். அந்நாளில் எஃப்6 விசையை அழுத்தி, பிளாப்பியிலிருந்து டிரைவரைத் தருவர். இன்று பிளாப்பிக்கு எங்கே போவோம்?

ஆகவே மூலச் சிடியின் கோப்புகளைப் படியெடுத்து, 2008-இல் வந்த சர்வீஸ் பேக் 3-ஐயும் சாட்டா டிரைவரையும் என்லைட் என்னும் மென்பொருளால் அவற்றோடு கலந்தோம். கலந்தவற்றை அப்படியே சிடியில் பதித்தோம். கோப்புகள் யாவும் இருந்தன, கணினியோ துவங்கவில்லை. ஒரு சிடி வீண்!

காரணம் பிறகே விளங்கிற்று. கணினியைத் துவக்குவது கோப்புப் பட்டியலில் தென்படாத, 2,048 பைட்டே கொண்ட பூட் செக்டார். வெறும் படியெடுப்பில் அது வாராது. என்லைட்டைக் கொண்டே ஐஎஸ்ஓ கோப்பு உருவாக்கினால் அதுவும் உடன் சேரும். 700 மெகாபைட்டுக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் சிடியை இட்டதும், ஏதேனும் ஒரு விசையை அழுத்துமாறு திரை கேட்டது. நாங்கள் நால்வரும் ஒருசேரக் கை நீட்டினோம்.