சொல்லும் பொருளும்: பந்தம் பிடித்தல்

"அவர் தலைவருக்குப் பந்தம் பிடிக்கிறார்" என்று எம்மவர் பேசும்போது, இங்கு பிறந்த பிள்ளைகள் அதைச் சொந்தபந்தம் என்பதில் வரும் பந்தமாக எண்ணிக்கொள்வதுண்டு. உறவைக் குறிக்கும் பந்தம் வேறு. இது தீப்பந்தம். தடியின் நுனியில் துணியைச் சுற்றி, எண்ணெயில் தோய்த்துக் கொளுத்துவது.

ஊரில் மின்சாரம் வராத காலத்தில், இரவுத் திருவிழாவில் சுவாமி வீதியுலா வரும்போது அடியார்கள் இருபுறமும் பந்தம் பிடித்துச் செல்வர். எமது மரணச் சடங்கில் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பர். இவ்விரண்டும் மதிப்புக்குரிய பணிகள். அதே பணியைப் பதவியில் உள்ள ஒருவருக்குத் தன் இலாபம் கருதிச் செய்பவரைக் கேலி செய்யவே இத்தொடர் வழங்குகிறது.

சிங்களத்திலும் இதே பொருளில் 'பந்தம் அல்லனவா' என்பர். அல்லனவா என்றால் பிடித்தல். தமிழ்நாட்டில் 'ஜால்ரா போடுதல்' என்பது வழக்கு. ஜால்ரா என்பது பஜனையில் பாடுபவருக்குத் துணையாகத் தட்டும் சிறு கைத்தாளம். அதுவும் வழிபாட்டிற்கு உரிய பொருளே.

தொண்டுக்கும் முகத்துதிக்கும் ஒரே சொல் வழங்குவதால், இதை அளந்து பயன்படுத்த வேண்டும். கோயிலில் கதிரை அடுக்கவும் பற்றுச்சீட்டு எழுதவும் முன்வரும் இளைஞரை "நிர்வாகத்துக்குப் பந்தம் பிடிக்கிறார்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அடுத்த வருடம் அந்த இளைஞர் வரமாட்டார். சொன்னவரும் கதிரை அடுக்க வரப்போவதில்லை.

வேறுபாட்டை அறிய ஒரு வழி உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையைப் புரட்டிப் பாராமலே "மிகத் திறம்" என்று கைதட்டுபவர் பந்தம் பிடிக்கிறார். எழுந்து நின்று, "மூன்றாம் பக்கத்துக் கூட்டுத்தொகை பிழை, ஐயா" என்று பணிவுடன் சொல்பவர் தொண்டு செய்கிறார். கோயில் வீதியில் பந்தம் பிடித்தவரின் வேலையும் அதுதான்: சுவாமி காவுவோருக்குப் பள்ளம் எங்கே என்று காட்டுவது.

பிள்ளைகளுக்குப் பயிற்சி: உறவு, தீப்பந்தம், முகத்துதி ஆகிய மூன்று பொருளிலும் 'பந்தம்' வரும்படி மூன்று வாக்கியங்கள் எழுதுக. மூன்றாவது வாக்கியத்தில் எவருடைய பெயரையும் எழுத வேண்டாம்.